சின்ன மருமகளின் மலை

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து பட்டாசு ஆர்டர் போன்கள். நாசிக்கிலிருந்து ஒருவர், ராய்ப்பூரிலிருந்து ஒருவர். தீபாவளி சீசனுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அதற்குள் எல்லோருக்கும் அவசரம். மதியம் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்தால் ஹாலில் விருதுநகர்ச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்களுக்கு அனுப்பிரியாவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது எங்க சின்ன மருமக. தருண்குமாரக் கட்டிக்கிட்டு ஒரு வருசந்தான் ஆகுது. எரிமலை டாக்டரு! உலகத்துல எங்கன எரிமலை வெடிச்சாலும் இவளத்தான் கூப்பிடுவாக."

"அப்படியெல்லாம் இல்லத்த. நான் மலையிலருந்து வர்ற வாயுவ அளக்குறவ, அம்புட்டுதான்" என்று அனு சிரித்தாள். பிறகு மூத்த மருமகளான என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்காவும் எங்க சப்ஜெக்ட்தான். ஜியாலஜில எம்.எஸ்ஸி. கோல்டு மெடல் வாங்குனவங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதில் சந்தேகமில்லை.

"ஆமா, அதெல்லாம் படிச்சா" என்றார் அத்தை. "கீர்த்தி, இவுகளுக்குக் காப்பி கொண்டாம்மா."

கொண்டுபோனேன்.

ஜூன் 13, வெள்ளி

மகள் ரோஜாவின் பள்ளியில் அனு பேசினாள். பெற்றோர்களும் வரலாம் என்றார்கள், போனேன். கடைசி வரிசை.

பூமிக்கு அடியில் முழுக்க நெருப்புக் குழம்பு கொதிப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது சரியில்லை என்று ஆரம்பித்தாள். கீழே இருப்பதும் கல்தான், கெட்டியான, மிகச் சூடான கல். கடலின் தரை ஒரு பெரிய தட்டுப் போல இன்னொரு தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போகும் இடங்களில், தண்ணீரையும் தன்னோடு உள்ளே கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் மேலே உள்ள சூடான கல்லில் கலந்ததும் கல் உருகத் தொடங்குகிறது. உருகியது லேசாகிவிடும், அதனால் மேலே ஏறும், வழியில் எங்காவது தேங்கும்.

பிறகு ஒரு சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தாள். முன் வரிசை முழுக்க நனைந்து ஒரே கூச்சல். "மூடி இருக்குற வரைக்கும் வாயு உள்ளயே கரைஞ்சு கெடக்கும். அழுத்தம் கொறைஞ்சா நுரைச்சுக்கிட்டுக் கெளம்பும். குழம்பு தண்ணியா இருந்தா சும்மா வழியும். கெட்டியா இருந்தா வாயு வெளியேற முடியாம மொத்தமா வெடிக்கும்."

ஒரு பையன் எழுந்து, "அப்ப பட்டாசு மாதிரியா மிஸ்?" என்றான். சிவகாசிப் பிள்ளை வேறெதைக் கேட்கும்?

"பட்டாசுல மருந்து எரியுது. அங்க எதுவுமே எரியல. நாமதான் எரிமலைன்னு பேரு வச்சிட்டோம்."

கைதட்டல் ஓயவில்லை. எனக்கு அதில் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும் போலிருந்தது. கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ரோஜா கேட்டாள்: "அம்மா, சித்தி சொன்னதெல்லாம் ஒனக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?"

ஜூன் 14, சனி

ஏன் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லையே.

ஜூன் 22, ஞாயிறு

கம்பெனி லீவு. இவரும் தம்பி தருணும் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸுக்குப் போயிருக்கிறார்கள், புது மிஷினைப் பார்க்க. எழுதினால் மனது ஆறுகிறதா என்று பார்க்கிறேன்.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் அந்தமான் பக்கத்து எரிமலைத் தீவின் கற்கள் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு வந்தன. புரொபசர் அவற்றை என் பொறுப்பில் விட்டார். கறுத்துப்போன சாதாரணக் கற்கள். அதில் ஒரு சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே மஞ்சளும் ஊதாவும் மயில்பச்சையுமாக ஒரே கோலாகலம். சாப்பாட்டு மணி அடித்தது கூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆராய்ச்சிக்கு இடமும் கிடைத்திருந்தது. அந்த ஆவணியில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"கல்லப் படிச்சு என்னம்மா செய்யப்போற? நம்ம கம்பெனியிலயே தலைக்கு மேல வேல கெடக்கு" என்றார் அத்தை. அப்பா சிரித்தார். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

அதே அத்தைதான் இப்போது மாடியில் ஏ.சி. போட்டு, சின்ன மருமகள் வேலை பார்க்க அறை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். அவள் ஹைதராபாத் ஆபீஸோடு பேசிக்கொண்டிருக்கும்போது யாரும் மிக்ஸி போடக் கூடாது. அத்தை மாறியது நல்லதுதான். எந்த மனிதர் மாறினாலும் நல்லதுதான். ஆனால் எனக்கு அப்புறம் ஏன் மாறணும்? எனக்கு முன்னாடியே மாறியிருந்தா என்ன கெட்டுப்போகும்?

ஆறவில்லை.

ஜூலை 2, புதன்

அனு ஆகஸ்டில் இந்தோனேசியா போகிறாள். கிழக்கே ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு எரிமலை. அங்கே வாயு அளக்கும் கருவிகளைப் பொருத்திவிட்டு வர வேண்டும். மலையின் பெயரைச் சாப்பிடும்போது சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடைய மலை, அவளே எழுதிக்கொள்ளட்டும்.

அத்தை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். மாலையில் அவளுக்கு ஒரு பெரிய முதுகுப்பை வந்து இறங்கியது. தருண் தன் பங்குக்கு, இந்த சீசனில் வரப்போகும் புதுப் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு அந்த மலையின் பெயரையே வைக்கப்போகிறானாம். லேபிளும் ரெடி: உச்சியில் சிவப்பு ஊற்று, பின்னால் நீல வானம்.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று என்னிடம் நீட்டினான்.

நல்லா இருக்கு என்றேன்.

ஜூலை 9, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை வரவில்லை.

"அக்கா, மேல வாங்களேன், ஒண்ணு காட்டுறேன்" என்று அனு கூப்பிட்டாள். அந்த மலையின் பழைய கற்களை மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்கள் அவள் லேப்டாப்பில் இருந்தன. எத்தனை வருடம் கழித்து அந்த நிறங்கள்! அவளுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில் ஒரு படிகத்தைத் தொட்டுக் காட்டி, "ஆலிவின்" என்றேன்.

"இல்லக்கா, பைராக்சீன். பிளவுக் கோடு ரெண்டும் செங்குத்தா வெட்டுது பாருங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆமாம், வெட்டத்தான் செய்தது. முதல் வருடப் பிள்ளைகூடத் தப்பு செய்யாது.

"விட்டு ரொம்ப நாளாச்சில்லக்கா" என்றாள்.

அவள் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். கீழே வந்து பாத்திரம் துலக்கினேன், துலக்கியதையே திரும்பவும் துலக்கினேன். அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் புழுங்கினேன். எனக்குக் கிடைத்திருந்ததும் கையை விட்டுப் போய்விட்டது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஜூலை 11, வெள்ளி

மதியம் பட்டாசு ஆலைகள் இருக்கும் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. தெருவே வெளியே வந்து எந்தத் திசையில் புகை என்று பார்த்தது. அத்தை வழக்கம் போல முதலில் இவரை, பிறகு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். "பாண்டி, எங்கலே இருக்க? தருணு பக்கத்துல இருக்கானா? அவன் குரலக் காட்டு." இவர் பேசி, தருண் பேசி, கம்பெனி போர்மேன் பேசிய பிறகுதான் உட்கார்ந்தார். அவருடைய சொந்தத் தம்பி இப்படி ஒரு சத்தத்தில் போனவர். பிறகு, தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் குவாரியில் பாறைக்கு வெடி வைத்தார்கள், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா கீர்த்தி, நீயும் அதத்தான படிச்ச. அனு போற மலையும் இப்படி வெடிக்குமா?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. என் படிப்பைப் பற்றி.

பதில் எனக்குத் தெரியும். அந்த மலையைப் பற்றி வந்த கட்டுரைகளை எல்லாம் ரகசியமாக வாசித்திருக்கிறேன். பல வருடமாக உச்சியில் கொஞ்சம் ஆவி தவிர ஒன்றுமில்லை. கருவிகள் எல்லாமே அமைதி என்கின்றன. முழு நிச்சயம் எந்த எரிமலைக்கும் கிடையாது, ஆனால் இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

நான் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். வேறு நாடு, வேறு மலை, வேறு மாதிரிக் குழம்பு. கரும்புகை மலைச்சரிவில் உருண்டு இறங்குகிறது, ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒரு பாலத்தை அது மூடிவிடுகிறது.

"இதா அந்த மலை?"

"இந்த மாதிரிதான் அத்தை."

ஜூலை 12, சனி

அத்தை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

ஜூலை 14, திங்கள்

வீடு ரெண்டுபட்டுக் கிடக்கிறது. அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அத்தை பார்ப்பதும் அழுவதுமாக இருக்கிறார். அனு எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். "அத்த, அது வேற மலை."

"நீ போணும்ங்கிறதுக்காகச் சொல்லுவ. மூத்தவளுக்கு என்ன வந்துச்சு, அவ எதுக்குப் பொய் சொல்லணும்? ஏலே தருணு, என் தம்பியக் கரிக்கட்டையாப் பாத்தவ நான். இன்னொண்ண என்னால பாக்க முடியாது. அவ போனா நான் அன்னந்தண்ணி தொட மாட்டேன்."

தருண் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அனு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"ஆபத்தே இல்லன்னு யாரும் சொல்ல முடியாதே அனு" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

அனு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், நாளைக்கு இல்லையென்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

ஜூலை 27, ஞாயிறு

அவளுக்குப் பதிலாக அவள் ஆபீஸில் சீனிவாசகம் என்று ஒருவர் போகிறாராம். கருவிகளைப் பற்றி அனு தினமும் அவருக்குப் போனில் சொல்லிக் கொடுக்கிறாள். கதவு திறந்திருந்தது. சொல்லிக்கொண்டே அழுதாள், குரலில் தெரியாமல்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. எங்கள் பட்டாசுக் கடையில் பூஜை. புது வெரைட்டிப் பெட்டிகளைச் சாமி முன்னால் அடுக்கினார்கள். அந்தப் பூச்சட்டியைப் பார்த்ததும் அனு தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மலை வெடித்துவிட்டது.

காலை பத்து மணி வாக்கில் மாடியிலிருந்து அனு ஓடி வந்தாள், முகத்தில் ரத்தமில்லை. "அக்கா, சீனி அண்ணன் போன் எடுக்கல. மேல ஏறிட்டிருந்தாங்களாம். அங்கயிருந்து செய்தி வருது." தருணையும் இவரையும் கம்பெனியிலிருந்து வரச் சொன்னேன்.

டி.வி.யில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்: சாம்பல் நிறத் தூண், அடியில் வெள்ளை ஆவி. நெருப்பே இல்லை. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"தண்ணீ" என்றேன். என்னை அறியாமல்.

"என்ன அண்ணி?" என்றான் தருண். அனு பேசும் நிலையில் இல்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சொன்னேன். மலைக்குள் மழைத் தண்ணீர் இறங்கித் தேங்கிக் கிடக்கும். அதற்குக் கீழே சூடான கல். ஆவி போகிற இண்டு இடுக்கெல்லாம் களிமண்ணாகி அடைத்துக்கொண்டால், குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்ட மாதிரி. ஒரு கட்டத்தில் தாங்காது. அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் ஆவியாகி, மேலே இருக்கும் பாறையைச் சேறும் கல்லுமாகத் தூக்கி எறியும். புதுக் குழம்பு மேலே வராது. அதனால் பெரிய நடுக்கம் வராது, வாயுவும் அதிகமாகாது.

"முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா?" என்று இவர் கேட்டார்.

"இந்த மாதிரி வெடிப்ப யாராலயும் முடியாது. எந்தக் கருவியும் காட்டியிருக்காது."

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. யாரும் கவனிக்கவில்லை. அனு மட்டும் தலையை உயர்த்தினாள்.

"கொதி சேறு படாம, பாறை மறைவுல ஒதுங்கியிருந்தா பொழைக்கலாம்" என்று முடித்தேன். அத்தை பூஜை அறைக்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

சீனிவாசகம் உயிரோடு இருக்கிறார். கூடப் போன உள்ளூர்க்காரர் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாராம். முதுகெல்லாம் வெந்துவிட்டது, தோள் எலும்பு முறிவு. இரண்டு கண்ணும் தப்பின.

செய்தி வந்ததும் அத்தை நேராக என்னிடம் வந்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "மாரியம்மாதான் உன் வாயில வந்து சொல்லியிருக்கா. இல்லாட்டி இந்நேரம் நம்ம பிள்ள அங்கன கெடந்திருக்கும்."

இத்தனை வருடத்தில் அவர் என்னைக் கட்டிப்பிடித்ததில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அத்தை இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு முடியிறக்கிவிட்டு வந்தார். அந்த வயதில். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்: "எங்க மூத்தவ அன்னைக்கே சொல்லிட்டா. கோல்டு மெடல் வாங்கினவல்ல." விஸ்வநத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா தன் பேத்தியை எந்த காலேஜில் சேர்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். ரோஜா வகுப்பில் என்னைப் பற்றிப் பேசினாளாம். இவர்கூட, "உனக்கு இம்புட்டுத் தெரியும்னு எனக்கே தெரியாதே" என்றார்.

இனிக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இனிக்கத்தான் செய்கிறது. அனு இருக்கும் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அனு வந்து நின்றாள்.

"அத்தைக்கு நீங்க காட்டுன வீடியோ எந்த மலைக்கா?"

இன்னொரு ஈரத் துணியை எடுத்தேன்.

"அங்க உள்ள குழம்பு வேற, வெடிக்கிற விதம் வேற. உங்களுக்குத் தெரியாம இருக்காது. அன்னைக்கு நீங்களே சொன்னீங்க, எந்தக் கருவியும் காட்டியிருக்காதுன்னு. அப்ப ஜூலைல உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"தெரியல அனு."

"அப்ப எதுக்கு?"

ஈரத் துணி கையிலேயே இருந்தது. "நீ போகக் கூடாதுன்னுதான்."

"சீனி அண்ணன் குப்புறப் படுத்துத்தான் தூங்குறாரு" என்றாள்.

"நீ போயிருந்தா உனக்கு—"

"நான் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்னைக்கு நான் மேல ஏறாமக்கூட இருந்திருப்பேன். அத வச்சுத் தப்பிக்கப் பாக்காதீங்க."

போய்விட்டாள். அத்தையிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாங்கள் வெடிப்பதில்லை, சீசன் முடிந்த அசதியில் தூங்குவோம். அனு தன் அம்மா வீட்டுக்குக் கோவில்பட்டி போய்விட்டாள். தனியாக.

நவம்பர் 8, சனி

அந்த மலைக்குத் திரும்பவும் போகப்போவதாக அனு இன்று சொன்னாள். டிசம்பரில். கருவிகள் எல்லாம் நாசமாகிவிட்டன, புதிதாக வைக்க வேண்டும். வெடித்த பிறகு ஒரு மலை எப்படி மூச்சு விடுகிறது என்று அளப்பதுதான் முக்கியம், அடுத்த ஊர் பிழைப்பது அதில்தான் இருக்கிறது. உச்சிக்குப் போக மாட்டார்கள். தள்ளி நின்று, அங்கிருந்தே அளக்கும் கருவி.

அத்தை கத்தவில்லை. கலங்கக்கூட இல்லை. என்னைக் காட்டினார்.

"எனக்கென்ன தெரியும்? கீர்த்தி சொல்லட்டும். அவ சரின்னா போ. அவ வேண்டாம்னா இந்தப் பேச்ச இன்னையோட விட்டுரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அனு மட்டும் பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு தலையாட்டல் போதும். அவள் இனி எந்த மலைக்கும் போக மாட்டாள். இந்த வீட்டில் கல்லைப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று ஆகிவிடும். அப்படி ஆக வேண்டாம் என்று நினைக்கிறேனா? வேண்டும் வேண்டும் என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது. என்ன ஜென்மம் நான்?

சரி, போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால்? அதற்கும் அத்தை தலையாட்டுவார், சாமி சொன்னதாக. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அதுவும் சாமி கணக்கில். ஒவ்வொரு தடவையும் அவள் பிழைப்பு என் வாயில் இருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலைப் பலகாரம் முடிந்து எல்லோரும் இருக்கும்போதே. "அத்தை, ஜூலைல நான் காட்டுனது வேற மலை. தெரிஞ்சுதான் காட்டினேன். அந்த மலை வெடிக்கும்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்குக் கெடைக்காதது இவளுக்குக் கெடைக்குதேன்னு வயித்தெரிச்சல். சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல."

அத்தையின் கை தானாகத் தலைக்குப் போனது. முடி இன்னும் முள் முள்ளாகத்தான் வளர்ந்திருக்கிறது.

"அப்ப நான் செஞ்ச நேர்த்தி?" என்றார்.

பிறகு அவரே கேட்டார்.

"இப்ப என்ன சொல்லுத? போலாமா, கூடாதா?"

"அன்னைக்கு ஆபத்துன்னு சொன்னது பொய். இன்னைக்கு ஆபத்தே இல்லன்னு சொன்னா அதுவும் பொய். ஆனா அனுவுக்கு எது எம்புட்டு ஆபத்துன்னு தெரியும். என்னைய விட நல்லாத் தெரியும். இத அவதான் முடிவு செய்யணும், நான் இல்ல."

அத்தை எழுந்து உள்ளே போனார். தருண் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இவர் மட்டும் மெதுவாக, "எல்லாம் நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு. ஏன் சொன்ன?" என்றார்.

ரோஜா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

நவம்பர் 10, திங்கள்

அத்தை பேசவில்லை. வேலைக்காரியிடம் சொல்லி எனக்குச் சொல்கிறார்.

நவம்பர் 23, ஞாயிறு

இப்போதும் பேசவில்லை. தெருவில் யாரும் காலேஜ் பற்றிக் கேட்பதில்லை. எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

ரோஜா மட்டும் இன்றைக்கு வந்து பக்கத்தில் படுத்தாள். "அம்மா, தண்ணி பட்டா கல்லு ஏன் சீக்கிரம் உருகுது? சித்தி அத மட்டும் சொல்லல" என்றாள். அணுக்களின் பிணைப்பைத் தண்ணீர் எப்படி அறுத்துவிடுகிறது என்று பேப்பரில் வரைந்து காட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன்.

டிசம்பர் 6, சனி

அனு கிளம்பினாள். மதுரை ஏர்போர்ட்டுக்கு எல்லோரும் போனோம், அத்தை உட்பட. அத்தை அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார், அழுவது தெரியாமல்.

அனு என்னிடம் வந்தாள். "சொன்னதுக்கு நன்றின்னு சொல்ல மாட்டேன்க்கா. எனக்கு இன்னும் கோவம் போகல."

"போக வேண்டாம்" என்றேன். "பாத்துப் போ."

அவள் முதுகுப்பையோடு உள்ளே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் போயிருக்க வேண்டிய நடை. இன்னும் அப்படித்தான் தோன்றுகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

மதியம் அனு வீடியோவில் வந்தாள். தருண் பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டான். ஏன் என்று தெரியவில்லை, அவளே கேட்டிருக்கலாம். முகமெல்லாம் சாம்பல் தூசி, உதடு வெடித்திருந்தது. கந்தக வாடை தலைமுடியை விட்டுப் போகவே மாட்டேனென்கிறது என்றாள். வாயு எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். சொன்னாள். குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா, மழை பெய்த மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எனக்குப் பொறாமையா இருக்கு அனு."

வாயிலிருந்து வந்துவிட்டது. அத்தை ஹாலில்தான் இருந்தார்.

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "தெரியும்க்கா" என்றாள். "இருங்க, போனத் திருப்புறேன். நீங்களும் பாருங்க."

மலை வந்தது. நான் நினைத்திருந்ததை விடச் சிறியது, அகலமானது. ஒரு பக்கத் தோள் பிய்ந்து போயிருந்தது. அந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து, காற்றில் சாய்ந்து, கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை. அத்தை குனிந்து போனிடம் கேட்டார், என்னிடம் இல்லை.

"ஏம்மா அனு, அது என்ன, மேகமா, புகையா?"

"அக்காகிட்ட கேளுங்கத்த, காத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள் அனு.

அத்தை பேசவில்லை. போகவும் இல்லை. நான் போனை அவருக்குத் தெரியும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

"ஆவி அத்தை. பெரும்பாலும் தண்ணிதான்."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கிட்டக்கப் போகாம நிக்கச் சொல்லு அவள" என்றார்.

என்னிடம்தான் சொன்னார்.